மோகனாங்கியும் தத்தையும்: சரித்திரக் கதையிலும் சமகாலக் கதையிலும் பெண்

தமிழில் உரைநடைக் கதை தவழ்ந்து எழுந்து நடை பயின்ற பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டிலே, திருக்கோணமலைத் துறைமுக நகரைச் சார்ந்த இருவர் அதற்குக் கைகொடுத்தனர். எஸ். இன்னாசித்தம்பி 1891ஆம் ஆண்டில் 'ஊசோன் பாலந்தை கதை'யை வெளியிட்டார். தி. த. சரவணமுத்துப்பிள்ளை 1895ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து 'மோகனாங்கி'யை வெளியிட்டார். இவற்றுக்கு முன் ஈழத்தவர் ஒருவர் எழுதிய நாவல் என எடுத்துக்காட்டத்தக்கது சித்திலெப்பையின் 'அசன்பேயுடைய கதை' (1885) ஒன்றே. மோகனாங்கியோ ஈழத்தின் எல்லையையும் கடந்து, தமிழில் எழுந்த முதல் வரலாற்று நாவல் என அறிஞர் பலராலும் கொள்ளப்படுவது.

இப்பெருமையைப் பலரும் எடுத்துரைத்துள்ளனர். ஆயின், அதனோடு சேர்த்து நோக்கவேண்டிய மற்றொரு செய்தி அத்துணைக் கவனம் பெறவில்லை. மோகனாங்கி வெளிவருவதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், 1892இல், இதே ஆசிரியர் 'தத்தைவிடு தூது' என்னும் செய்யுள் நூலொன்றை வெளியிட்டார். தம் காலத்துப் பெண்களின் அடிமை நிலையையும், மணமகனைத் தேர்வதில் அவர்தம் விருப்பத்துக்கு இடமில்லாமையையும் முறையிடும் நூல் அது. 1892இல் தம் காலத்துப் பெண்ணைப் பற்றி வெளிப்படையாகப் பாடிய ஒருவர், 1895இல் காதற்கதை ஒன்று சொல்லப் புகுந்தபோது இருநூறு ஆண்டுகள் பின்னோக்கிச் சென்று நாயக்கர் அரண்மனையின் கதவைத் தட்டியது ஏன்? இவ்வினாவுக்கு விடை காண முயல்வது இலக்கிய வரலாற்றுக்கு மட்டுமன்றிச் சமூக வரலாற்றுக்கும் பயன் தருவதாகும்.

சரவணமுத்துப்பிள்ளை 1865இல் திருக்கோணமலையிற் பிறந்து 1902இல் மறைந்தவர். வாழ்ந்தது முப்பத்தேழு ஆண்டுகளே. தமிழறிஞரும் பதிப்பாசிரியருமான தி. த. கனகசுந்தரம்பிள்ளை இவருடைய தமையனார். சென்னை இராசதானிக் கல்லூரியிற் பயின்று, அந்நகரின் கீழைத்தேயச் சுவடி நிலையத்திற் பணியாற்றியவர். பழஞ்சுவடிகளும் அரச வரலாறுகளும் நாடோறும் கைபடக்கூடிய இடத்தில் அமர்ந்திருந்தவர் சரித்திரத்திலே கதைப்பொருளைத் தேடியமை இயல்பே. எனினும் சுவடிகளின் அண்மை மட்டும் இதற்குப் போதிய காரணமாகாது.

அவர் சென்னையில் வாழ்ந்த ஆண்டுகளை நினைவிற் கொள்ளல் வேண்டும். 1884 முதல் 1888 வரை பம்பாயில் நடந்த இரக்குமாபாய் வழக்கு, சிறுவயதில் தன் விருப்பமறியாது மணம் செய்விக்கப்பெற்ற பெண், கணவனோடு வாழ மறுக்கலாமா என்ற கேள்வியை நாடெங்கும் எழுப்பியது. 1891இல் இந்திய அரசாங்கம் சம்மத வயதுச் சட்டத்தைக் கொண்டுவந்து, பெண்ணின் சம்மத வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்திற்று. இரண்டாண்டு உயர்த்தியதற்கே பத்திரிகைகளிலும் கூட்டங்களிலும் எழுந்த எதிர்ப்பு பெரிது. அச்சட்டம் நிறைவேறிய அடுத்த ஆண்டிலேதான் தத்தைவிடு தூது அச்சேறியது.

தூது என்பது தமிழில் நெடுங்காலமாக வழங்கும் பிரபந்த வகை. காதல் கொண்ட தலைவி, அன்னத்தையோ முகிலையோ கிளியையோ தலைவனிடம் அனுப்புவதாகப் பாடப்படுவது. பலபட்டடைச் சொக்கநாதப் புலவர் அழகர் மீது கிள்ளைவிடு தூது பாடியுள்ளமை யாவரும் அறிந்ததே. இவ்வகை நூல்களில் பெண்ணின் ஏக்கம் உண்டு. ஆயினும் அது பெரும்பாலும் பாட்டுடைத் தலைவனின் புகழை ஏற்றிச் செல்லும் வாகனமாகவே அமைகிறது. தலைவி வருந்துவது அவன் பெருமையை நாம் அறிதற்பொருட்டேயன்றி, அவள் துயரத்தை நாம் அறிதற்பொருட்டு அன்று. சரவணமுத்துப்பிள்ளை செய்த மாற்றம் இங்கேதான். பழைய வாகனத்தை அவர் கைவிடவில்லை. அதில் ஏறியிருந்த தலைவனை இறக்கிவிட்டுப் பெண்ணின் வழக்கையே ஏற்றிவிட்டார். கூட்டில் அடைபட்ட கிளியிடம் வீட்டில் அடைபட்ட பெண் பேசுவது என்ற பழைய அமைப்பே புதிய பொருளைத் தாங்குதற்கு வாய்ப்பாயிற்று. சீர்திருத்தக் கருத்துகளை நேரே கூறினால் வசை வந்துசேரும் காலத்தில், மரபு வடிவம் ஒருவகைக் கவசம் என்பதை அவர் உணர்ந்திருந்தார் போலும்.

இனி, அவருக்கு முற்பட்ட இன்னாசித்தம்பியின் கதையைச் சிறிது நோக்கலாம். அது மேனாட்டில் நெடுங்காலம் வழங்கிய ஓர்சன், வலன்ரைன் என்னும் இரட்டையர் கதையைத் தழுவியது. மூலக்கதையின்படி அவ்விரட்டையரின் தாய், கணவனாகிய பேரரசனால் பழி சுமத்தப்பட்டு நாட்டினின்றும் நீக்கப்படுகிறாள். காட்டிலே பிள்ளைகளைப் பெறுகிறாள். ஒருவனைக் கரடி தூக்கிச் செல்ல, மற்றவன் அரண்மனையில் வளர்கிறான். குற்றமற்றவள் துன்புற்று, இறுதியிற் கற்பு நிறுவப்பெறும் இக்கதை, சீதையையும் சந்திரமதியையும் கூத்துமேடையிற் கண்டு பழகிய நம் மக்களுக்கு அந்நியமாகத் தோன்றியிராது. பெயர்கள்தாம் புதியன, பெண் பழையவள். இக்கதைகளிற் பெண்ணின் பெருமை அவள் பொறுத்துக்கொள்வதில் உள்ளது. அவள் எதனையும் விரும்பித் தேர்வதில்லை.

மோகனாங்கியிலோ காதலே கதையின் உயிர். திருச்சிராப்பள்ளியைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட மதுரை நாயக்க மன்னர் சொக்கநாதருக்கும் தஞ்சை நாயக்க மன்னர் விசயராகவரின் மகளாகிய மோகனாங்கிக்கும் இடையே மலர்ந்த காதலைச் சரவணமுத்துப்பிள்ளை தம் பொருளாக எடுத்துக்கொண்டார். இவ்விரு அரச குலங்களுக்கும் இடையே நிகழ்ந்தது யாது எனச் சரித்திரத்தைப் புரட்டுவோர் திடுக்கிடுவர்.

சொக்கநாத நாயக்கர் 1659 முதல் 1682 வரை ஆண்டவர். திருமலை நாயக்கரின் பேரர். அவர் தஞ்சை மன்னரின் மகளை மணம் பேசி அனுப்பினார் என்றும், விசயராகவர் அதனை இகழ்ந்து மறுத்தார் என்றும், அதுவே போருக்குக் காரணமாயிற்று என்றும் வரலாறு கூறும். 1673இல் மதுரைப் படை தஞ்சைக் கோட்டையைத் தாக்கிற்று. தோல்வி உறுதி எனக் கண்ட முதிய மன்னர், அந்தப்புரத்தை வெடிமருந்து வைத்துத் தகர்த்துவிட ஏற்பாடு செய்துவிட்டுத் தாம் போர்க்களம் புகுந்து மாண்டார். மணம் பேசப்பட்ட பெண்ணும் ஏனைய அரண்மனைப் பெண்டிரும் அவ்வெடியில் அழிந்தனர். 'தஞ்சாவூரி ஆந்திர ராஜுல சரித்திரமு' என்னும் தெலுங்கு நூல் இவ்வழிவை விரித்துரைக்கிறது. வென்ற சொக்கநாதருக்கும் தஞ்சை நிலைக்கவில்லை. ஆட்சிப்பொறுப்பில் அவர் அமர்த்திய அழகிரி நாயக்கர் அவருக்கே மாறுபட்டார். பீசப்பூர்ச் சுல்தானின் படையோடு வந்த ஏகோசி அவரையும் வெளியேற்றித் தஞ்சையில் மராட்டிய ஆட்சியை நிறுவினார்.

இந்நிகழ்ச்சியிற் பெண்ணின் பங்கு யாது? அவள் கேட்கப்பட்டாள், மறுக்கப்பட்டாள், அழிக்கப்பட்டாள். மூன்றும் செயப்பாட்டு வினைகள். கேட்டவர் ஓர் அரசர், மறுத்தவர் ஓர் அரசர். அவள் சொக்கநாதரை விரும்பினாளா வெறுத்தாளா என்பதை அறிய அக்காலத்தார் எவரும் முயன்றதாகத் தெரியவில்லை. சரித்திர நூல்கள் பலவற்றில் அவள் விசயராகவரின் மகள் என்ற அளவிலேயே நின்றுவிடுகிறாள். அவ்வாறு மௌனமாக இருந்த இடத்திலே சரவணமுத்துப்பிள்ளை தம் கற்பனையைச் செலுத்தி, ஒரு விருப்பத்தைக் கொடுத்தார். நூலின் தலைப்பில் அரசனின் பெயரை இடாது அவள் பெயரையே இட்டார். தத்தைவிடு தூதில் எந்த உரிமையைத் தம் காலத்துப் பெண்ணுக்காக வேண்டினாரோ, அதே உரிமையை இங்கே இறந்துபோன ஒருத்திக்கு வழங்கிவிட்டார் என்று கொள்ளலாம்.

இது வரலாற்றைத் திரித்தலாகாதா என வினவுவோர் உளர். வரலாற்று ஆசிரியன் செய்தால் திரிபே. ஆயின் கதாசிரியன் நிரப்பியது வரலாறு விட்டுச்சென்ற வெற்றிடத்தை. குறை கூற வேண்டுமாயின் வேறொன்றைக் கூறலாம். படையெடுத்து வந்தவனைக் காதலனாக ஆக்கும்போது, வெடிமருந்தின் கொடுமை காதலின் நறுமணத்தில் மறைந்துபோகும் அபாயம் உண்டு. சரித்திரக் காதற்கதைகள் பலவற்றுக்கும் பொதுவான குறை இது.

முன்னர் எழுப்பிய வினாவுக்கு வருவோம். ஏன் நாயக்கர் காலம்? அக்காலத்தில் எழுந்த சமூக நாவல்களை ஒப்புநோக்கினால் விடை புலனாகும். இராசமையரின் 'கமலாம்பாள் சரித்திரம்' 1893 முதல் 'விவேக சிந்தாமணி'யில் வெளிவந்தது. அதன் தலைவி கமலாம்பாள் ஏற்கெனவே மணமாகிக் குடும்பம் நடத்துபவள். மாதவையாவின் 'பத்மாவதி சரித்திரம்' 1898இல் வெளிவந்தது. அங்கும் காதல், ஐயம், ஊடல், மனமாற்றம் எல்லாம் மணத்திற்குப் பின்னரே. இவ்வாசிரியர்கள் காதலை அறியாதவர்கள் அல்லர். ஆங்கில நாவல்களை நன்கு கற்றவர்கள். ஆயினும் அவர்கள் காட்டிய சமுதாயத்திற் பெண்கள் பூப்பெய்துமுன்பே மணம் முடிக்கப்பெற்றனர். வயதுவந்த, மணமாகாத, தன் மனத்தைத் தானே அறிந்த ஒரு பெண்ணை அந்த வீடுகளில் எங்கே தேடுவது? உள்ளதை உள்ளவாறு எழுத விரும்பிய நாவலாசிரியனுக்குக் காதலி கிடைக்கவில்லை, மனைவியே கிடைத்தாள். வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' (1879) படைத்த ஞானாம்பாள் அறிவிற் சிறந்தவள். எனினும் அவளுடைய ஆற்றல் முழுதும் வெளிப்படுவதற்கு ஆசிரியர் அவளுக்கு ஆண்வேடம் பூட்டி, வேற்று நாடொன்றில் அரசாளச் செய்யவேண்டியதாயிற்று.

ஆகவே காதலைச் சொல்ல விரும்பியவனுக்கு எஞ்சியிருந்த வீடு அரண்மனை. எஞ்சியிருந்த காலம் கடந்த காலம். சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீயம்' (1891) இதற்கு மற்றொரு சான்று. பாண்டிய நாட்டுக் கதையாதலின் மனோன்மணி கனவிற் கண்டவனை எண்ணி உருகலாம். தோழி வாணி, தந்தையார் பொருளாசையால் பலதேவனுக்குக் கொடுக்க முனைந்தபோதும் நடராசனையன்றி மணவேன் என உறுதியாக நிற்கலாம். வாணியின் மறுப்பை 1891இல் ஒரு சென்னைத் தெருவிலோ திருக்கோணமலைத் தெருவிலோ நிகழ்ந்ததாக எழுதியிருப்பின், படிப்பவர் அதனை நம்பியிரார், நம்பியவர் பொறுத்திரார். சங்க அகத்திணை மரபில் களவுக்கு இருந்த மதிப்பும் பழங்கால மகளிர் காதலிப்பதை ஏற்புடையதாக்க உதவிற்று. தன் பேத்திக்கு மறுத்ததைத் தமிழன் தன் பாட்டியின் பாட்டிக்கு மனமுவந்து அளித்தான்.

அரை நூற்றாண்டு கழிந்தபோது நிலைமை தலைகீழாயிற்று. கல்கியின் நூல்களை எடுத்துக்கொள்வோம். 1929ஆம் ஆண்டின் சாரதா சட்டம் பெண்ணின் மண வயதைப் பதினான்காக உயர்த்தியபின், 1939இல் 'தியாகபூமி' ஆனந்த விகடனில் வெளிவந்தது. அதன் சாவித்திரி, கைவிட்ட கணவன் பின்னர் உரிமை கோரி வழக்காடும்போது, அவனோடு வாழ மறுக்கிறாள். வேண்டுமாயின் தான் அவனுக்கு ஜீவனாம்சம் கொடுப்பதாகவும் கூறுகிறாள். சமகாலப் பெண் பேசத் தொடங்கிவிட்டாள். அதே ஆசிரியரின் 'சிவகாமியின் சபதம்' படைத்த சிவகாமியோ, பேரரசனின் சூழ்ச்சியால் காதலனைப் பிரிந்து, வாதாபியிற் சிறையிருந்து, சபதம் நிறைவேறித் திரும்பும்போது நரசிம்மவர்மர் பாண்டியன் மகளை மணந்து மக்களும் பெற்றிருக்கக் காண்கிறாள். முடிவில் ஏகாம்பரநாதருக்கே தன்னை அளிக்கிறாள். வாதாபியின் வீழ்ச்சி 642ஆம் ஆண்டளவில் நிகழ்ந்த வரலாறு, சிவகாமி கற்பனை. வரலாற்றில் இல்லாதவளாதலின், வரலாற்றில் உள்ள அரசியின் இடத்தை அவள் பெறல் இயலாது. கதாசிரியன் தானே படைத்த பெண்ணைத் தானே துறவுக்கு அனுப்ப வேண்டியவனாகிறான். 1890களிற் சரித்திரம் பெண்ணுக்குத் திறந்த வாயிலாயிருந்தது. 1940களில் அது அவளுக்குச் சுவராயிற்று.

இவ்வியல்பு தமிழுக்கு மட்டும் உரியதன்று. இலங்கைத் தொலைக்காட்சியில் 'சுஜாத தியணி' என்ற சிங்களப் பெயருடன் ஒளிபரப்பாகி வீடுதோறும் பார்க்கப்பட்ட கொரிய நாடகத்தைப் பலரும் நினைவுகூர்வர். கொரியாவில் 2003, 2004ஆம் ஆண்டுகளில் 54 பகுதிகளாக வெளிவந்தது அது. அதன் தலைவி ஜாங்கும், ஜுங்ஜோங் மன்னரின் அரண்மனையிற் பணியாற்றிய மருத்துவப் பெண். அரச நாட்குறிப்புகளில் அவளைப் பற்றி இருப்பவை சில சிறு குறிப்புகளே. எஞ்சியவையெல்லாம், அவள் காதலன் உட்பட, பிற்காலத்தார் புனைந்தவை. அங்கும் சரித்திர நாடகத்தின் பெண் அரண்மனை விதிகளோடு போராடி உயர்கிறாள். அந்நாட்டின் சமகால நாடகங்களில் வரும் பெண்களுள் பலரோ, செல்வக்குடும்பத்து இளைஞன் ஒருவனின் மனம் மாறும்வரை அவன் தாயின் ஏச்சைப் பொறுத்துக்கொள்கின்றனர். தற்காலம் என்பதனாலேயே பெண் சுதந்திரமுடையவளாகிவிடுகிறாள் என எண்ணுதல் தவறு என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

திருக்கோணமலையின் செவிவழி மரபிலும் இவ்விருவகைப் பெண்களைக் காணலாம். குளக்கோட்டு மன்னனோடு இணைத்துக் கூறப்படும் ஆடகசவுந்தரி, பேழையில் வைத்துக் கடலில் விடப்பட்டு, ஈழக்கரையடைந்து, உன்னாசகிரியில் அரசியானவள். மட்டக்களப்பு மான்மியமும் அவள் கதையைக் கூறும். கோணேசர் திருப்பணி செய்யவந்த குளக்கோட்டனை வெளியேற்ற அமைச்சனை அனுப்பியவள் அவளே; முடிவில் அவனை மணந்தவளும் அவளே. கதையின் முற்பாதியில் அவள் ஆட்சி செய்கிறாள், ஆணையிடுகிறாள். மணம் முடிந்தபின் கதை கந்தளாய்க் குளத்தைப் பற்றியதாகிவிடுகிறது.

மற்றவள் ஒல்லாந்த நங்கை பிரான்சினா வான் ரேடே. சுவாமிமலையின் உச்சியில் நிற்கும் தூண், போர்த்துக்கேயர் இடித்த பழைய கோயிலுக்குரியது எனக் கூறப்படுவது. அதிற் பிரான்சினாவின் பெயரும் 1687ஆம் ஆண்டு ஏப்பிரல் 24ஆம் திகதியும் ஒல்லாந்த மொழியிற் பொறிக்கப்பட்டுள்ளன. காதலன் கைவிட்டுக் கப்பலேறிச் செல்ல, அக்கப்பல் மலையைச் சுற்றி வரும்போது அவன் கண்காண அவள் பாறையினின்றும் குதித்து மாண்டாள் என்பது கதை. ஆங்கிலேயர் அவ்விடத்தைக் காதலர் பாய்ச்சல் என அழைத்தனர். எமர்சன் தெனன்று 1859இல் வெளியிட்ட நூலிலும் இக்கதை இடம்பெற்றது. ஆயின் ஆவணங்கள் கூறுவது வேறு. அவள், மலையாளத் தாவரங்களைப் பற்றிய 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்னும் பெருநூலை உருவாக்கிய ஹென்றிக் வான் ரேடேயின் மகளாக வளர்ந்தவள். 1691இல் அவர் இறந்தபோதும் அவள் உயிருடனேயே இருந்தாள், மணமும் புரிந்தாள். கல்வெட்டில் இறப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஒரு பெண்ணின் பெயர் ஒரு பாறையின்மேல் எழுதப்பட்டிருந்தால், அவள் அங்கிருந்து குதித்திருக்க வேண்டும் என மக்கள் முடிவுசெய்துவிட்டனர்! மோகனாங்கியின் ஆசிரியர் மாண்டவளுக்குக் காதலைக் கொடுத்து வாழ்வித்தார். இக்கதையைக் கட்டியோர் வாழ்ந்தவளுக்குக் காதலைக் கொடுத்து மாய்த்தனர்.

பின்னர் இந்நகரிலிருந்து பெண்களைப் பற்றிப் பெண்ணொருவரே எழுதும் காலம் வந்தது. ஆசிரியையாகப் பணியாற்றிய ந. பாலேஸ்வரியின் 'சுடர் விளக்கு' 1966இல் நூலாயிற்று. 'பூஜைக்கு வந்த மலர்', 'உறவுக்கப்பால்' ஆகியன 1970களில் வீரகேசரிப் பிரசுரங்களாக வெளிவந்து நாடெங்கும் வாசிக்கப்பட்டன. காதலையும் குடும்பத்தையும் பொருளாகக் கொண்ட இந்நாவல்களைப் பொழுதுபோக்கு எழுத்தென ஒதுக்கிய விமர்சகர் உண்டு. அக்கணிப்பு முற்றும் நேர்மையானதன்று. 1892இல் பெண்ணின் மனத்தை ஓர் ஆண், கிளியின் வாயில் வைத்துச் சொல்ல நேர்ந்தது. 1966இல் அரசியும் கிளியும் தேவைப்படவில்லை. சம்பளம் பெறும், பஸ் ஏறிப் பாடசாலைக்குச் செல்லும், மணமாகாத வயதுவந்த பெண் திருக்கோணமலைத் தெருக்களில் இருந்தாள். இராசமையருக்குக் கிடைக்காத கதைத்தலைவி இந்நகரத்து ஆசிரியைக்கு அண்டை வீட்டிலேயே கிடைத்தாள்.

மோகனாங்கிக்கு மீண்டும் வருவோமாயின், அக்காலச் சரித்திரத்தில் எழுதப்படாது நின்ற வேறு இரு பெண்களையும் குறிப்பிடுதல் தகும். ஒருத்தி, சொக்கநாதரின் மனைவி மங்கம்மாள். கணவனும் மகனும் இறந்தபின், பேரனுக்காக 1689 முதல் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக ஆட்சிப்பொறுப்பை ஏற்று, சாலைகளும் சத்திரங்களும் அமைத்துப் புகழ்பெற்றவள். காதற்கதை அவளைத் தேர்ந்தெடுக்காமைக்குக் காரணம் எளிது: அவளுடைய சிறப்பு முழுதும் கணவன் இறந்தபின் வருவது. நா. பார்த்தசாரதி பிற்காலத்தில் அவளைப் பற்றி நாவல் எழுதினார்.

மற்றவள் தஞ்சை அரண்மனைத் தாதி ஒருத்தி. அந்தப்புரம் தகர்க்கப்படுமுன், செங்கமலதாசன் என்னும் அரச குழந்தையை எடுத்துக்கொண்டு வெளியேறி, நாகபட்டினத்தில் ஒரு வணிகர் வீட்டில் மறைத்து வளர்த்தாள். பீசப்பூர்ப் படை தஞ்சைக்கு வந்ததே அப்பிள்ளையின் உரிமையை நிலைநாட்டும் பேரில்தான். தஞ்சையின் அடுத்த இருநூறு ஆண்டு வரலாறு அவள் எடுத்துவைத்த அடிகளிலிருந்து தொடங்கியது எனலாம். அவளுக்குக் காதலன் இருந்ததாகக் குறிப்பில்லை. அவளைத் தலைவியாகக் கொண்ட நாவலும் பேசப்படுவதில்லை.